கால்கள் கேட்கும் 72 மணி நேரம்

2026 மே 30 அன்று ஹங்கேரித் தலைநகர் புடாபெஸ்டில் ஐரோப்பிய கிளப் கால்பந்தின் சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம். ஜூன் 11 அன்று மெக்சிகோ சிட்டியில் உலகக் கோப்பை தொடக்கம். இடையில் இருப்பது 12 நாட்கள். ஆகஸ்டிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும் கால்கள், அந்த 12 நாளில் கண்டம் தாண்டி, சீருடை மாற்றி, புதிய பயிற்சியாளரின் திட்டத்துக்குப் பழகி, மறுபடியும் முழு வேகத்தில் ஓடத் தயாராக வேண்டும். 48 அணிகள், 104 ஆட்டங்கள் என்று உலகக் கோப்பை பெருத்திருக்கும் இந்த ஆண்டில், எந்த அணி வெல்லும் என்பதற்கு முன்பு கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ஒரு மனித உடல் ஓராண்டில் எத்தனை ஆட்டங்களைத் தாங்கும்?

இந்தப் பேச்சை எடுத்தாலே ஒரு பதில் தயாராக வரும்: "கோடி கோடியாகச் சம்பளம் வாங்குகிறார்கள், ஓடட்டுமே." சம்பளம் எவ்வளவு உயர்ந்தாலும், கிழிந்த தசை ஆறும் வேகம் உயராது. களைப்பை மன உறுதிக் குறைவாகப் பார்க்கும் பழக்கம் ரசிகர்களிடம் மட்டுமல்ல, போட்டி அட்டவணை போடுகிறவர்களிடமும் இருக்கிறது. அதனால்தான் இதை விளக்கமாகப் பேச வேண்டியிருக்கிறது.

90 நிமிடத்தில் என்ன நடக்கிறது?

முன்னணி ஆட்டக்காரர் ஒருவர் ஓர் ஆட்டத்தில் 10 முதல் 13 கிலோமீட்டர் தூரம் கடக்கிறார். நடுகள ஆட்டக்காரர்கள் அதிகம் ஓடுவார்கள், கோல்கீப்பர் பாதியளவோடு நிறுத்திக்கொள்வார். இந்தத் தூரம் மட்டும் என்றால் பெரிய விஷயமில்லை. காலையில் பூங்காவில் ஓடுகிற பலரும் 10 கிலோமீட்டர் ஓடிவிடுவார்கள்.

வித்தியாசம் ஓடும் விதத்தில் இருக்கிறது. நடை, மெல்லோட்டம், திடீர்ப் பாய்ச்சல், சட்டென்று நிற்பது, திரும்புவது, எம்பித் தலையால் முட்டுவது, கீழே விழுந்து எழுவது என்று சில விநாடிக்கு ஒருமுறை உடல் வேறொரு வேலைக்கு மாறுகிறது. ஓர் ஆட்டத்தில் இப்படி ஆயிரம் முறைக்கு மேல் மாற வேண்டும். முழு வேகப் பாய்ச்சலுக்குச் செலவாகும் நேரம் மொத்தத்தில் மிகச் சிறிய பகுதிதான். ஆனால் கோல் விழுவதும் தடுக்கப்படுவதும் பெரும்பாலும் அந்தச் சில விநாடிகளில்தான். இதயம் சராசரியாகத் தன் உச்சத் துடிப்பில் 85 சதவீத அளவுக்கு ஒன்றரை மணி நேரம் அடித்துக்கொண்டே இருக்கிறது.

அடுத்த முறை ஆட்டம் பார்க்கும்போது பந்தை விட்டுவிட்டு, ஓரத்துத் தடுப்பாட்டக்காரர் ஒருவரை மட்டும் ஐந்து நிமிடம் கவனியுங்கள். பந்து தன் பக்கம் வந்ததும் எதிரணியின் மூலைவரை அறுபது மீட்டர் பாய்கிறார். கிராஸ் பாதியிலேயே வெட்டப்படுகிறது. எதிரணி விங்கர் காலியாகக் கிடக்கும் இடத்தை நோக்கிப் பறக்கிறார். இவர் அதே அறுபது மீட்டரைத் திரும்பி ஓடிக் கடக்க வேண்டும். எப்படியோ காலை நீட்டிப் பந்தை வெளியே தள்ளுகிறார். எதிரணிக்கு த்ரோ. இடுப்பில் கை, குனிந்த முதுகு, திறந்த வாய். அடுத்த தாக்குதலில் இவர் பாதித் தூரத்திலேயே நின்றுவிடுவார். வர்ணனையாளர் "கவனக்குறைவு" என்பார்.

அது கவனக்குறைவு அல்ல. மேக்னி மோர், பீட்டர் கிருஸ்ட்ரப், யென்ஸ் பாங்ஸ்போ ஆகிய ஆய்வாளர்கள் இத்தாலி, டென்மார்க் ஆட்டக்காரர்களைப் படம்பிடித்து அளந்து 2003-இல் வெளியிட்ட முடிவு இது: மிகக் கடுமையாக ஓடிய ஐந்து நிமிடத்துக்கு அடுத்த ஐந்து நிமிடத்தில், ஆட்டக்காரரின் வேக ஓட்டம் அவருடைய சராசரியைவிட 12 சதவீதம் குறைந்துபோகிறது. உலகத் தரத்து ஆட்டக்காரருக்கும் இதிலிருந்து விலக்கு இல்லை.

இது முதல் வகைக் களைப்பு. சில நிமிடங்களில் தணிந்துவிடும்.

இரண்டாவது வகை கடைசி கால் மணி நேரத்தில் வருகிறது. தசைக்குள் சேமிப்பாக இருக்கும் சர்க்கரைக்கு கிளைகோஜன் என்று பெயர். வேகமாக ஓடத் தேவையான எரிபொருள் அதுதான். ஆட்டம் முடிந்ததும் தொடைத் தசையை எடுத்துச் சோதித்தபோது, ஏறத்தாழ பாதித் தசை இழைகளில் அது காலியாகவோ கிட்டத்தட்டக் காலியாகவோ இருந்தது. 75-ஆவது நிமிடத்துக்குப் பிறகு அணிகள் நீண்டு, நடுவில் இடைவெளி விழுவதற்கும், புதிதாக இறங்கிய மாற்று வீரர் எல்லோரையும் தாண்டி ஓடுவதற்கும் இது ஒரு முக்கியக் காரணம்.

விசிலுக்குப் பிறகு வரும் களைப்பு

மூன்றாவது வகைதான் ஆபத்தானது. அது தொலைக்காட்சியில் தெரியாது.

முழு வேகத்தில் வந்து சட்டென்று நிற்கும்போது, தொடைத் தசை நீண்டுகொண்டே இறுகுகிறது. தசை இழைகளில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல்களை அதிகம் உண்டாக்குவது இந்த வேலைதான். வலி அன்றிரவு பெரிதாகத் தெரியாது. மறுநாளும் அதற்கு அடுத்த நாளும்தான் உச்சத்துக்குப் போகும். கிளைகோஜன் பழைய அளவுக்கு நிரம்ப இரண்டு மூன்று நாள் ஆகும். பாய்ச்சலுக்கும் எம்புவதற்குமான வலு திரும்ப ஏறத்தாழ 72 மணி நேரம் பிடிக்கும். சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். சனிக்கிழமை இரவு ஆடியவர் செவ்வாய்க்கிழமை மாலை மீண்டும் களத்தில் நின்றால், பழைய கணக்கு முடியாமலேயே புதிய கணக்கு தொடங்குகிறது என்று பொருள்.

கிரெகொரி டுபாண்ட் என்ற விளையாட்டு அறிவியலாளரும் அவருடைய குழுவினரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வை இங்கே சொல்லியாக வேண்டும். ஐரோப்பாவின் முன்னணி அணி ஒன்றின் 32 ஆட்டக்காரர்களை இரண்டு பருவங்கள் தொடர்ந்து கவனித்தார்கள். வாரம் ஓர் ஆட்டம் ஆடும்போது 1,000 மணி நேரத்துக்கு 4.1 ஆக இருந்த காயங்கள், வாரம் இரண்டு ஆட்டம் ஆடும்போது 25.6 ஆக உயர்ந்தன. ஆறு மடங்குக்கும் மேல்.

அதே ஆய்வில் இன்னொரு முடிவும் இருக்கிறது. அதைத்தான் நான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். வாரம் இரண்டு ஆட்டம் ஆடியபோதும் அவர்கள் ஓடிய தூரமோ, பாய்ந்த அளவோ குறிப்பிடும்படி குறையவில்லை. அதாவது, களைப்பு ஓட்டத்தில் தெரியவில்லை, காயத்தில்தான் தெரிந்தது. "நன்றாகத்தானே ஓடுகிறார்" என்று பயிற்சியாளரும் ரசிகரும் சொல்லிக்கொண்டிருக்கும்போதே உடல் உடைவதற்கு நெருங்கிக்கொண்டிருக்கிறது. இறைக்கிற கிணறு ஊறும் என்பார்கள். ஊறுவதற்கு நேரம் கொடுக்காமல் இறைத்துக்கொண்டே இருந்தால் சேறுதான் வரும்.

2002-இல் பார்த்தோமே

இது புதிய அனுபவம் அல்ல. 2002 மே 15 அன்று கிளாஸ்கோவில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் ஜினடின் ஜிடான் இடது காலால் அடித்த கோலை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 11 நாள் கழித்து, தென்கொரியாவுக்கு எதிரான நட்பு ஆட்டத்தில் அவருக்குத் தொடைத் தசை கிழிந்தது. மே 31-இல் உலகக் கோப்பை தொடங்கியது. நடப்புச் சாம்பியனான பிரான்ஸ் செனகலிடம் தோற்று, உருகுவேயுடன் டிரா செய்து, தொடையில் கட்டுப்போட்டு இறங்கிய ஜிடானோடு டென்மார்க்கிடமும் தோற்று, ஒரு கோல்கூட அடிக்காமல் முதல் சுற்றிலேயே வெளியேறியது.

சுவீடனைச் சேர்ந்த மருத்துவர் யான் எக்ஸ்ட்ராண்டும் அவர் குழுவினரும் அந்த உலகக் கோப்பையில் ஆடிய ஐரோப்பிய கிளப் ஆட்டக்காரர்களை ஆராய்ந்தார்கள். எதிர்பார்த்ததைவிட நன்றாக ஆடியவர்கள் அதற்கு முந்தைய 10 வாரங்களில் சராசரியாக 9 ஆட்டங்கள் ஆடியிருந்தார்கள். சோபிக்காமல் போனவர்கள் 12.5 ஆட்டங்கள். வாரத்துக்கு ஓர் ஆட்டத்துக்கு மேல் ஆடிவிட்டு வந்த 38 பேரில் 23 பேர் ஒன்று காயமடைந்தார்கள், அல்லது தங்கள் தரத்துக்கு ஆடவில்லை.

அந்த ஆண்டு கிளப் இறுதி ஆட்டத்துக்கும் உலகக் கோப்பைக்கும் இடையே 16 நாள் இருந்தது. இந்த ஆண்டு 12.

ஆட்டமும் மாறிவிட்டது

பழைய ஆட்டக்காரர்கள் சிலர் "நாங்களும்தான் வாரம் இரண்டு ஆட்டம் ஆடினோம்" என்று சொல்வதுண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் ஆடிய ஆட்டம் வேறு.

இங்கிலாந்து பிரீமியர் லீகில் 2006-07 பருவத்துக்கும் 2012-13 பருவத்துக்கும் இடையே, ஓர் ஆட்டக்காரர் ஓடும் மொத்தத் தூரம் 2 சதவீதம்தான் கூடியது. முழு வேகப் பாய்ச்சலில் கடக்கும் தூரமோ 35 சதவீதம் கூடியது. ஆறே ஆண்டுகளில்! பந்தை இழந்த நொடியிலேயே எதிரணியை நெருக்கும் ஆட்டமுறை அதன் பிறகு இன்னும் பரவியிருக்கிறது. பாய்ச்சல் கூடினால் அடி வாங்குவது தொடையின் பின்தசை. ஐரோப்பிய முன்னணி கிளப்புகளின் காயக் கணக்கில் 2001-02 பருவத்தில் 12 சதவீதமாக இருந்த பின்தசைக் காயங்களின் பங்கு, 2021-22 பருவத்தில் 24 சதவீதமாகிவிட்டது.

ஆட்டம் கடுமையாகும்போது ஆட்டங்களின் எண்ணிக்கையைக் குறைப்பதுதான் முறை. நடந்தது நேர்மாறு. சாம்பியன்ஸ் லீக் 2024-இல் விரிவாக்கப்பட்டு, மொத்த ஆட்டங்கள் 125-இலிருந்து 189 ஆயின. 2025 கோடையில் 32 அணிகளோடு கிளப் உலகக் கோப்பை வந்தது. உலகக் கோப்பையில் இறுதிவரை செல்லும் அணி இனி 7 அல்ல, 8 ஆட்டங்கள் ஆட வேண்டும்.

பாரிஸ் செயின்ட் ஜெர்மனை எடுத்துக்கொள்ளுங்கள். 2024-25 பருவத்தில் அந்த அணி ஆடிய ஆட்டங்கள் 65. மே 31-இல் சாம்பியன்ஸ் லீக் இறுதி, ஜூன் 15-இல் கலிஃபோர்னியாவின் நண்பகல் வெயிலில் கிளப் உலகக் கோப்பையின் முதல் ஆட்டம், ஜூலை 13-இல் அதன் இறுதி ஆட்டம், ஆகஸ்ட் 13-இல் சூப்பர் கோப்பையுடன் அடுத்த பருவத்தின் தொடக்கம். செப்டம்பர் 5 அன்று பிரான்ஸ் அணிக்காக ஆடும்போது அந்த கிளப்பின் உஸ்மான் டெம்பெலேவுக்குப் பின்தசையிலும் தெசிரே தூவேவுக்குக் கெண்டைக்காலிலும் காயம். இரண்டரை வாரம் கழித்து டெம்பெலேவுக்கு பலோன் தோர் விருது கிடைத்தது. உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்ற பட்டம் வாங்கும் நேரத்தில் அவர் களத்தில் இல்லை.

தனி ஒரு காயத்தை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. மான்செஸ்டர் சிட்டியின் ரோட்ரி, ஆட்டங்களைக் குறைக்காவிட்டால் வீரர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கும் நிலை நெருங்கிவிட்டது என்று 2024 செப்டம்பரில் எச்சரித்தார். சில நாட்களிலேயே முழங்கால் தசைநார் கிழிந்து அந்தப் பருவம் முழுவதையுமே கிட்டத்தட்ட இழந்தார். அந்தக் காயத்துக்குக் களைப்புதான் காரணம் என்று அடித்துச் சொல்ல எந்த மருத்துவராலும் முடியாது. ஆனால் பார்சிலோனாவின் பெத்ரியை நினைக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. 18 வயதுப் பையனை 2020-21 பருவத்தில் கிளப்புக்கும், யூரோ கோப்பை, டோக்கியோ ஒலிம்பிக் உட்பட தேசிய அணிக்கும் சேர்த்து 73 ஆட்டங்களில் ஆடவைத்தார்கள். அடுத்த பருவத்தில் பெரும்பகுதி தொடைக் காயத்திலேயே கழிந்தது. தடுத்து நிறுத்த வேண்டிய பெரியவர்கள் கிளப்பிலும் இருந்தார்கள், தேசிய அணியிலும் இருந்தார்கள். ஒருவரும் போதும் என்று சொல்லவில்லை.

பழியை உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா மீது மட்டும் போடுவதும் நியாயமில்லை. ஆட்டம் அதிகம் என்று புலம்பும் அதே கிளப்புகள்தான் பருவத்துக்கு முன்பு ஆசியாவுக்கும் அமெரிக்காவுக்கும் காட்சி ஆட்டங்களுக்காக ஆட்டக்காரர்களை விமானம் ஏற்றுகின்றன. சாம்பியன்ஸ் லீகை நடத்தும் யூஃபா தன் போட்டியைப் பெருக்கிக்கொண்டே ஃபிஃபாவைக் குறை சொல்கிறது. ஒவ்வோர் ஆட்டமும் ஒளிபரப்பு உரிமைப் பணம். குறைத்துக்கொள்ள முதலில் முன்வர ஒருவருக்கும் மனமில்லை.

வெயில் வேறு

கடந்த ஆண்டு கிளப் உலகக் கோப்பை அரையிறுதி, நியூ ஜெர்சியில் பிற்பகல் 3 மணிக்கு நடந்தது. ஆட்டத்தின் நடுவே தலை சுற்றித் தரையில் படுக்க வேண்டியிருந்தது என்று செல்சியின் என்ஸோ ஃபெர்னாண்டஸ் பிறகு சொன்னார். சின்சினாட்டியில் நடந்த ஆட்டத்தின் முதல் பாதியை டார்ட்மண்ட் அணியின் மாற்று வீரர்கள் உடை மாற்றும் அறைக்குள் உட்கார்ந்து பார்த்தார்கள். இந்த ஆண்டு உலகக் கோப்பையின் இறுதி ஆட்டமும் அதே நியூ ஜெர்சி மைதானத்தில்தான், ஜூலை 19 அன்று.

வெயிலில் உடல் தன்னைக் காத்துக்கொள்ள ஓட்டத்தைக் குறைக்கிறது. 21 டிகிரியிலும் 43 டிகிரியிலும் ஒரே ஆட்டக்காரர்களை ஆடவைத்துப் பார்த்த சோதனையில், வெயிலில் வேக ஓட்டம் 26 சதவீதம் குறைந்தது. குறைத்துக்கொள்ளாமல் ஓடுகிறவருக்கு உடல் வெப்பம் ஏறி உயிருக்கே ஆபத்து வரும். ரசிகருக்குக் கிடைப்பது மந்தமான ஆட்டம், ஆட்டக்காரருக்கு மிஞ்சுவது அபாயம். இந்த அட்டவணையால் லாபம் யாருக்கு என்று கேட்டால், வேறு கண்டத்தில் மாலை நேரத்தில் தொலைக்காட்சி முன் உட்காரும் பார்வையாளரைக் கணக்கில் வைத்திருக்கும் விளம்பரதாரருக்கு.

என்ன செய்யலாம்?

எதுவுமே செய்யப்படவில்லை என்று சொல்ல மாட்டேன். கொரோனா காலத்தில் தற்காலிகமாக வந்த ஐந்து மாற்று வீரர் விதி 2022-இல் நிரந்தரமானது. இந்த உலகக் கோப்பையில் ஒவ்வொரு பாதியிலும் மூன்று நிமிடத் தண்ணீர் இடைவேளை உண்டு. இரண்டும் நல்லவை. ஆனால் இவை ஆட்டத்துக்குள் வரும் களைப்புக்கான மருந்து. நாட்கணக்கில் சேரும் மூன்றாவது களைப்பை இவை தொடுவதே இல்லை.

2025 ஜூலையில் ஒரு கூட்டத்துக்குப் பின் ஃபிஃபா, ஆட்டங்களுக்கு இடையே குறைந்தது 72 மணி நேரமும், பருவ முடிவில் 21 நாள் விடுமுறையும் வேண்டும் என்பதில் ஒருமித்த கருத்து ஏற்பட்டதாக அறிவித்தது. அந்தக் கூட்டத்துக்கு ஆட்டக்காரர்களின் உலகச் சங்கமான ஃபிஃப்ப்ரோ அழைக்கப்படவில்லை. கருத்து என்ற அளவில் நின்றால் பயனில்லை. ஒவ்வொரு போட்டியின் விதிப் புத்தகத்திலும் அதை எழுதி, மீறும் அமைப்புக்கு அபராதம் என்று சேர்த்தால்தான் அது நடைமுறைக்கு வரும்.

அதைவிட முக்கியம், வரம்பு அணிக்கு அல்ல, ஆளுக்கு இருக்க வேண்டும். பெரிய கிளப்பிடம் 25 பேர் இருக்கிறார்கள், சுழற்சி முறையில் ஆடவைக்கட்டும் என்பது காகிதத்தில் சரி. தோற்றால் வேலை போகும் பயிற்சியாளர் முக்கிய ஆட்டக்காரரை உட்காரவைக்க மாட்டார். நாற்பதிலிருந்து ஐம்பது ஆட்டம்வரைதான் ஒருவர் தன் உச்சத் திறனில் ஆட முடியும் என்று ரோட்ரி தன் அனுபவத்திலிருந்து சொன்னார். கிளப், நாடு இரண்டையும் சேர்த்து ஓராண்டுக்கு 55 ஆட்டம் என்று உச்சவரம்பு வைத்துத் தொடங்கலாம். 21 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 45 போதும். ஓர் ஆட்டக்காரர் ஆடிய நிமிடங்களை கிளப்பும் தேசிய அணியும் தனித்தனி ஏட்டில் வைத்துக்கொள்ளாமல், இருவருக்கும் பொதுவான ஒரே பதிவேட்டில் ஏற்ற வேண்டும். அதை எந்தத் தரப்பையும் சாராத மருத்துவக் குழு கவனிக்க வேண்டும்.

விடுமுறை 21 நாள் போதாது. ஃபிஃப்ப்ரோ கேட்கும் 28 நாளும், அதன் பிறகு நான்கு வாரப் பயிற்சியும் நியாயமான கோரிக்கை.

நாக் அவுட் ஆட்டங்களில் கூடுதல் நேரத்தையும் மறுபரிசீலனை செய்யலாம். 2018 உலகக் கோப்பையில் குரோஷியா தொடர்ந்து மூன்று ஆட்டங்களில் 120 நிமிடம் ஆடிவிட்டு, பிரான்ஸைவிட ஒருநாள் குறைவான ஓய்வோடு இறுதி ஆட்டத்துக்கு வந்தது. மூன்று அரை மணி நேரம், அதாவது முழுதாக ஓர் ஆட்டம் அதிகம். கோபா அமெரிக்காவில் இறுதி ஆட்டம் தவிர்த்த நாக் அவுட் ஆட்டங்கள் சமனில் முடிந்தால் நேராக பெனால்டிக்குப் போகின்றன. அதனால் அந்தப் போட்டியின் மதிப்பு குறைந்துவிடவில்லை.

வெயில், ஈரப்பதம், காற்று மூன்றையும் சேர்த்து அளக்கும் வெப்பக் குறியீடு 28 டிகிரியைத் தாண்டினால் ஆட்டத்தைத் தள்ளிவைக்க வேண்டும் என்பது ஃபிஃப்ப்ரோவின் நிலைப்பாடு. ஒளிபரப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போதே இந்த நிபந்தனையையும் சேர்த்துவிட்டால், ஆட்ட நாளில் தகராறு இருக்காது.

இது ஐரோப்பியக் கோடீசுவரர்களின் பிரச்சினை மட்டுமல்ல. நம் சந்தோஷ் டிராபியில் மாநில அணிகள் ஒருநாள் விட்டு ஒருநாள் களமிறங்குவது வழக்கமாக இருக்கிறது. பள்ளி, மாவட்டப் போட்டிகளில் ஒரே நாளில் காலையில் ஓர் ஆட்டம், மாலையில் ஓர் ஆட்டம் என்று பிள்ளைகளை ஆடவைக்கிறோம். அங்கே பிசியோவும் இல்லை, ஐஸ் குளியலும் இல்லை. காயம்பட்ட பிள்ளைக்கு மாற்று ஒப்பந்தமும் இல்லை, பெரும்பாலும் அதோடு ஆட்டமே முடிந்துவிடுகிறது. போட்டி நடத்தும் சங்கங்கள் ஃபிஃபாவின் உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. மைதான வாடகை இரண்டு நாள் கூடினாலும் பரவாயில்லை, ஒரே நாளில் இரண்டு ஆட்டம் என்பதை இந்த ஆண்டே நிறுத்துங்கள்.